வெப்பத்தை அடக்குவதா, வெப்பத்தோடு போவதா?
கெடாக் கடற்கரையில் நொதித்தலின் கணக்கு

கோத்தா கோலா மூடாவில் விடியற்காலையில்கூடக் காற்று 24 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. நண்பகலில் 32, 33 பாகை. பார்லியில் இருந்து பீர் தயாரிக்கும் ஏல் வகை ஈஸ்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 20 பாகை; லாகர் வகை ஈஸ்டுக்கு இன்னும் குறைவு, 8 முதல் 12 பாகை. மூடா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் ஒரு வீட்டில் யாராவது பீர் தயாரிக்க முயன்றால், முதலில் கடக்க வேண்டியது இந்தப் பத்துப் பதினைந்து பாகை இடைவெளியைத்தான். செய்முறையும், முளைகட்டிய பார்லியான மால்ட்டும் அதற்குப் பிறகு.

அதே கடற்கரையில் தென்னங்கள் எந்தக் குளிர்சாதனமும் இல்லாமல் சில மணி நேரத்தில் தயாராகிவிடுகிறது. மலாய் வீடுகளில் பெருநாளுக்கு இலையில் பொதிந்து வைக்கும் தாப்பாய் என்னும் நொதித்த அரிசிப் பண்டம், இரண்டு மூன்று நாளில் அறை வெப்பத்திலேயே இனித்துப் பதமாகிறது. நம் வீட்டு இட்லி மாவு ஒரே இரவில் பாத்திரத்தை மீறிப் பொங்குகிறது. எல்லாமே நுண்ணுயிர்களின் வேலைதான். ஒன்றுக்கு மட்டும் குளிர் தேவைப்படுவதும் மற்றவற்றுக்குத் தேவைப்படாததும் ஏன் என்று பார்த்தால், நொதித்தலின் அறிவியல் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியும்.

ஈஸ்ட் தானே சூடாகும்

சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அந்த உடைப்பில் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பங்கை அது தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. பீர் ஆலைகளில் வழங்கும் கணக்குப்படி, ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் பிறக்கும்.

வீட்டளவில் இதைக் கணக்கிடலாம். 20 லிட்டர் வாளியில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர் வர வேண்டுமானால், சுமார் 1.6 கிலோ சர்க்கரை நொதிக்க வேண்டும். பிறக்கும் வெப்பம் 900 கிலோஜூலைத் தாண்டும். 20 லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த 84 கிலோஜூல் போதும். பிறந்த வெப்பம் துளியும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால், வாளி 11 பாகை சூடேறிவிடும். நடைமுறையில் வாளியின் சுவர் வழியாக வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் அந்த அளவுக்கு ஏறாது. ஆனால் நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே இருக்கும் சாறு அறைக்காற்றைவிட இரண்டு மூன்று பாகை, வேகம் கூடினால் நான்கு பாகைகூடச் சூடாக இருக்கும்.

சுவரில் தொங்கும் வெப்பமானி 31 பாகை காட்டும்போது, ஈஸ்ட் வாழ்வது 34 பாகையில். பீரின் சுவையைத் தீர்மானிப்பது அந்த உள்வெப்பம்தான். மேலும் ஒரு சிக்கல் உண்டு. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாக உண்ணும். வேகமாக உண்டால் இன்னும் சூடு பிறக்கும். 18 பாகையில் ஒரு வாரம் எடுத்து நிதானமாக நடக்கும் வேலை, 34 பாகையில் ஒன்றரை நாளில் ஓடி முடிந்துவிடும்.

சூட்டில் சுவை கெடுவது எப்படி?

சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உண்டாக்குவதில்லை. அது வளரும்போது, சாற்றில் உள்ள அமினோ அமிலங்களைத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த வழியில் எத்தனாலைவிடப் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட உயர் ஆல்கஹால்கள் கழிவாக வெளிவருகின்றன. இந்த வழியை ஜெர்மானிய வேதியியலாளர் ஃபெலிக்ஸ் ஏர்லிஷ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். உயர் ஆல்கஹால் சிறிதளவு இருந்தால் சுவைக்குக் கனம் கூடும். மிகுந்தால் தொண்டையில் எரிச்சலும், பெயின்ட் கரைப்பானின் நெடியும் வரும்.

ஆல்கஹால்களும் அமிலமும் சேரும்போது எஸ்டர்கள் உண்டாகின்றன. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டருக்கு வாழைப்பழ மணம். எத்தில் அசிட்டேட் அளவு மீறினால் நகப்பூச்சு நீக்கியின் வாடை. வெப்பம் கூடக் கூட இவையெல்லாம் கூடும். தெற்கு ஜெர்மனியின் கோதுமை பீருக்கு வாழைப்பழ மணம் அழகு. அதற்கென்றே ஈஸ்டையும் வெப்பத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தெளிந்த லாகரில் அதே மணம் குறை.

மணங்களில் பெரும்பகுதி உருவாவது முதல் மூன்று நாளில், ஈஸ்ட் பெருகிக்கொண்டிருக்கும் கட்டத்தில். அதற்குப் பிறகு ஈஸ்ட் செய்வது துப்புரவு வேலை. வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலையும், பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடையும் அது திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்குக் குளிர் உதவாது, வெதுவெதுப்புதான் உதவும். ஆகவே வெப்பக் கட்டுப்பாடு என்பது தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே எண்ணைப் பிடித்துவைப்பது அல்ல. முதல் மூன்று நான்கு நாள் குளிரில் அடக்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறவிடுவது. வெப்ப நாட்டில் இருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. போராட்டம் சில நாளுக்கு மட்டும்தான்.

குளிரைத் தேடிப் போன பீர்

நுண்ணுயிர்களைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே ஐரோப்பியர் இதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். 1553இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். கோடையில் வடித்த பீர் கெட்டுப்போனதே காரணம். குளிர்காலத்தில் வடித்ததை நிலவறைகளில் பனிக்கட்டியோடு வைத்துக் கோடையைக் கடத்தினார்கள். அந்தக் குளிருக்குத் தகவமைந்து நின்றதுதான் லாகர் ஈஸ்ட். அது இரண்டு இனங்களின் கலப்பு. ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் ஏல் வகைப் பீருக்கும் பயன்படும் பழகிய ஈஸ்ட். குளிர் தாங்கும் மற்ற பெற்றோர் தென் அமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் வாழும் ஓர் இனம் என்பது 2011இல்தான் தெரியவந்தது.

தெற்காசியாவுக்குப் பீர் ஆலைகள் வந்தபோது அவை மலையேறின. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழைய ஆலைகள் இருந்த இடங்களைப் பாருங்கள்: இமயச் சரிவில் கசௌலி, முர்ரீ, தெற்கில் நீலகிரி, இலங்கையில் நுவரெலியா. தேயிலைக்கு ஏற்ற குளிர் பீருக்கும் ஏற்றதாக இருந்தது. கெடாவில் அப்படி ஒரு மலை உண்டா? கோத்தா கோலா மூடாவின் வடக்கே நிற்கும் குனோங் ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு ஆறரை பாகை குறையும் என்று கொண்டால், உச்சியில் சராசரி 20 பாகை அளவில் இருக்கும். ஏல் வகைக்கு அது போதும், லாகருக்குப் போதாது.

மலையைத் தேவையற்றதாக்கியது இயந்திரம். 1870களில் கார்ல் ஃபான் லிண்ட உருவாக்கிய குளிர்ப்பதன இயந்திரம் முதலில் பரிசோதிக்கப்பட்டது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையில். நம் வீட்டு ஐஸ் பெட்டியின் வம்சாவளி பீர் ஆலையைத் தொட்டுத்தான் வருகிறது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தனி ஒரு ஈஸ்ட் செல்லில் இருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். குளிரும் தூய ஈஸ்டும் கைக்கு வந்தபின் பீர் எந்த ஊரிலும் பிறக்கலாம் என்றாயிற்று. 1972இல் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் ஆலை இயங்கத் தொடங்கியது இந்த இரண்டின் பலத்தில்தான்.

தோட்டத்தின் வழி வேறு

குளிரை உண்டாக்க வழியில்லாத நாடுகள் நொதித்தலைக் கைவிடவில்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாதபோது வேறு பிடிகளைக் கண்டார்கள்: நேரம், உப்பு, சுண்ணாம்பு, புளிப்பு.

கள்ளில் பிடி நேரம். தென்னம்பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை. கலயத்தில் விழுந்த கணமே நொதித்தல் தொடங்கிவிடும். ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும், சைமோமோனாஸ் என்ற ஆல்கஹால் உண்டாக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே வேலை செய்யும். முந்தைய நாள் கலயத்தின் சுவரில் ஒட்டியிருந்தவையே அடுத்த நாளுக்கு விதை. 30 பாகை வெப்பத்தில் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே அது கள்ளாகிவிடும். அடுத்த நாள் அசிட்டிக் அமில பாக்டீரியா மேலோங்கிக் காடியாக மாறத் தொடங்கும். ஆகவே அன்று இறக்கியதை அன்றே குடிப்பது பழக்கமாயிற்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். கிடைப்பது இனிக்கும் பதநீர். ஒரே மரம், ஒரே வெயில், ஒரு கைப்பிடி சுண்ணாம்பில் முடிவு மாறுகிறது.

கெடா ஆற்று மீனில் செய்யும் பெக்காசாமில் பிடி உப்பும் புளிப்பும். உப்பிட்ட மீனோடு வறுத்த அரிசியைச் சேர்த்து மூடி வைப்பார்கள். அரிசியின் மாவுச்சத்தை உண்டு லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பை உண்டாக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் அழுகல் நுண்ணுயிர்கள் தலையெடுப்பது கடினம். இட்லி மாவிலும் இதே புளிப்புதான் காவல். லியுகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியா அமிலத்தையும் வாயுவையும் ஒருசேரத் தருவதால் மாவு புளிக்கவும் செய்கிறது, உப்பவும் செய்கிறது.

கள்ளின் வேகத்துக்கு ஒரு சமூக விலையும் இருந்தது. மால்ட் வேண்டாம், கிடங்கு வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். வெயிலே இலவசமாக வேலை செய்து முடித்துவிடுகிறது. அதனால்தான் அன்றாடம் மாலை மலிவாகக் கிடைத்தது. பால்மரம் வெட்டியவர்களின் கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையில் கரைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946–47இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. காவல்துறையின் அடக்குமுறையில் தொழிலாளர் உயிர் போனது. நொதித்தலைப் பற்றிக் கெடாத் தமிழர் பேசும்போது அந்த மறியலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நுண்ணுயிரின் அறிவியலை ரசிப்பதற்கும் குடியின் கேட்டை மறுக்காமல் இருப்பதற்கும் இடையே முரண் ஏதும் இல்லை.

பனிக்கட்டிக் கணக்கு

இனி பீர் வாளிக்கு வருவோம். கோத்தா கோலா மூடாவில் குளிர் என்றால் மீன் நினைவுக்கு வரும். அங்குள்ள பாசார் பிசிக் சந்தையில் வாங்குவோர் விற்பவரின் காதில் விலையைக் கிசுகிசுத்து ஏலம் எடுப்பார்கள். மீன் பயணப்படுவது பனிக்கட்டியோடு வெள்ளை நுரைப் பெட்டியில். அப்படி ஒரு பெரிய பெட்டிக்குள் வாளியை வைத்தால் என்ன ஆகும்?

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். அதன்படி ஈஸ்ட் மொத்தமாக வெளிவிடும் 900 கிலோஜூலை ஈடுகட்ட மூன்று கிலோவுக்கும் குறைவான பனிக்கட்டியே போதும். ஆனால் அதற்கு முன்பே ஒரு செலவு இருக்கிறது. காய்ச்சிய மால்ட் சாற்றை ஆற்றும்போது, நம் குழாய்நீரே 28 பாகை என்பதால், அதை வைத்து 30 பாகைக்குக் கீழே கொண்டுபோவது சிரமம். அங்கிருந்து 18 பாகைக்கு இறக்கவே மூன்று கிலோ பனிக்கட்டி வேண்டும். சாறு ஆறுவதற்கு முன் ஈஸ்டைப் போட்டால், மணங்கள் உருவாகும் அந்த முதல் நாளையே சூட்டுக்குப் பலி கொடுத்ததாகிவிடும்.

பெரிய செலவு இவை இரண்டும் அல்ல. பெட்டிக்கு வெளியே 30 பாகை, உள்ளே 18 முதல் 20. இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள நுரைச் சுவர் வழியாக, வாளி கொள்ளும் அளவுள்ள பெட்டிக்குள் ஏறத்தாழ 20 வாட் வெப்பம் இடைவிடாமல் கசியும். ஒரு நாளைக்கு அது 1,700 கிலோஜூல்; ஐந்து கிலோ பனிக்கட்டி. ஈஸ்ட் வாரம் முழுக்க வெளிவிடுவதைவிடக் கெடாவின் காற்று ஒரே நாளில் அதிக வெப்பத்தை உள்ளே தள்ளுகிறது. பவேரியாவின் நிலவறையில் எதிரி ஈஸ்டின் சூடு. இங்கே எதிரி காற்றின் சூடு. எனவே இங்கே பணத்தைப் போட வேண்டியது பனிக்கட்டியில் அல்ல, சுவரில். சுவரின் கனத்தை ஐந்து சென்டிமீட்டராக்கினால் கசிவு பாதியாகும், பனிக்கட்டியும் பாதியாகும். காலையிலும் மாலையிலும் உறைந்த தண்ணீர்ப் புட்டிகளை மாற்றி வைத்தாலே முதல் நான்கு நாளைக் கடந்துவிடலாம். பிறகு புட்டிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால், துப்புரவுக் கட்டத்துக்கு வேண்டிய வெதுவெதுப்பைக் காற்றே கொண்டுவந்து தரும்.

வாளியைச் சுற்றி ஈரத்துணி கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் யோசனை அது. யோசனை சரி, ஊர்தான் வேறு. நீர் ஆவியாகும்போது எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதமே தீர்மானிக்கும். மதுரையின் கோடையில் 38 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஈரத்துணி 24 பாகை வரை இறங்கலாம். பதினான்கு பாகை லாபம். கெடாக் கடற்கரையில் 30 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் என்றால் 27 பாகையோடு நின்றுவிடும். மூன்று பாகைதான் லாபம். அது ஈஸ்டின் சூட்டை வேண்டுமானால் சமன் செய்யும், 18 பாகைக்குக் கொண்டுபோகாது.

பழைய ஐஸ் பெட்டி ஒன்றைத் தெர்மோஸ்டாட் கருவியோடு இணைப்பது நிலையான தீர்வு. அதில் கவனிக்க வேண்டியது உணரியின் இடம். பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்று சூடாகி இயந்திரம் தேவையின்றி ஓடும். சாற்றின் வெப்பமோ யாருக்கும் தெரியாமல் மேலே நிற்கும். உணரியை வாளியின் பக்கச்சுவரில், சாற்றின் மட்டத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு நுரைத் துண்டை அழுத்தி நாடாவால் ஒட்ட வேண்டும். அப்போதுதான் கருவி ஈஸ்டின் வெப்பத்தைக் கேட்டு நடக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: இடத்தை மாற்றாமல் ஈஸ்டை மாற்றுவது. நார்வேயின் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்த குவைக் என்ற ஈஸ்ட் வகை 30 முதல் 40 பாகையில் நொதித்தும் எரிச்சலோ கரைப்பான் நெடியோ தருவதில்லை. வோஸ் வட்டாரத்துப் பண்ணையாளர்கள் சாறு உடல்சூட்டில் இருக்கும்போதே அதைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சூட்டில் நன்றாக உழைத்த செல்களையே எடுத்து உலர்த்தி அடுத்த முறைக்கு வைப்பார்கள். நூற்றாண்டுகள் நடந்த இந்தத் தேர்வு, உறைபனி நாட்டில் நம் கடற்கரைக்கு ஏற்ற ஓர் ஈஸ்டை உருவாக்கிவிட்டது. நுண்ணுயிரின் இயல்பை நாட்டின் தட்பவெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை வளர்த்தவர்களின் பழக்கமும் தீர்மானிக்கிறது.

மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டது. சட்டம் என்ன அனுமதிக்கிறது என்பதை அறியாமல் யாரும் வாளியைத் தூக்கக் கூடாது. ஆனால் இந்த அறிவியலைக் கற்கப் பீர் தேவையே இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலைக்கு ஒரே இட்லி மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்துக் கொண்டுவரலாம். ஒன்றை மேசையிலும் மற்றொன்றைப் பனிக்கட்டி வைத்த மீன் பெட்டியிலும் வைத்து, ஒரு மணிக்கொரு முறை உயரத்தையும் வெப்பத்தையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். பத்துப் பாகை குறைந்தால் வேலையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்ற விதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கள் இறக்கியவருக்கும் மாவு அரைத்தவருக்கும் பெக்காசாம் போட்ட அண்டைவீட்டு மாக் சிக்குக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்ததை, எண்ணாக எழுதும் வேலை அந்தப் பிள்ளைகளுக்கு உரியது. அவர்கள் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுப்போம்.